இரண்டு கோடும் சேர்ந்ததே நம் கொடி
(கல்முனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மலையகத்திலிருந்து கல்முனைக்கு வந்திருக்கும் தோழர்களே, தோழியரே!

பெப்ரவரி 4 வருகிறது. எங்கள் அரிசி ஆலையிலும் உங்கள் தேயிலைத் தொழிற்சாலையிலும் கொடி ஏறும். அதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கம்பத்தை ஒட்டிய பச்சைக் கோடு முஸ்லிம்களுக்கு. அடுத்த செம்மஞ்சள் கோடு தமிழர்களுக்கு. 1948இல் ஏற்றிய சிங்கக் கொடியில் இவை இல்லை. குழு அமைத்துப் பேசி, 1951இல்தான் சேர்த்தார்கள். அக்குழுவில் டீ.பி. ஜாயாவும் இருந்தார். செனட்டர் எஸ். நடேசன் மட்டும் உடன்படவில்லை.

அதே 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. கொடியில் கோடு விழுந்தபோது அவர்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை! 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தக் குறை முற்றாகத் தீரவில்லை.

அண்மைக் காலத்தில் இரண்டு கோடும் இல்லாத கொடியைச் சிலர் தூக்கித் திரிந்ததையும் கண்டோம். ஆகவே, வேலைத்தலத்தில் ஏறுவது முழுக் கொடியா என்று பாருங்கள். இல்லையென்றால் சண்டை வேண்டாம். சங்கத்தின் மூலம் எழுத்தில் கேட்டு மாற்றுங்கள்.

கொடியில் இடம் கிடைத்தால் போதாது, தோழர்களே. சம்பளத்திலும், தாய்மொழியில் வரும் கடிதத்திலும், ஜும்ஆ நேரத்திலும், தீபாவளி லீவிலும் அதே இடம் வேண்டும். அதைக் கேட்பதே சங்கத்தின் வேலை.