அப்பா விட்டுப்போன மூன்று பணம்



கரமனையில் ஒரு வீடு. அப்பா தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெறும் முன்பே காலமாகிவிட்டார். மகள் பட்டம் பகுதியில் இருக்கும் பி.எஃப். அலுவலகத்துக்குக் கிளம்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கேட்கப்போவது சேமநிதியை மட்டும்தான். பெரும்பாலோர் அப்படித்தான்.

அங்கே இருப்பது ஒரு பணம் அல்ல, மூன்று. சேமநிதி ஒன்று. அம்மாவுக்கு மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியம் இன்னொன்று. அப்பா ஒரே ஒரு மாதம் சந்தா கட்டியிருந்தாலும், பணியில் இருக்கும்போது இறந்தால் அம்மாவுக்கு அந்த உரிமை உண்டு.

மூன்றாவதைத்தான் மறந்துவிடுகிறோம். காப்பீடு. 1976 முதல் இருக்கும் திட்டம் இது. தொழிலாளியின் சம்பளத்தில் இதற்காக ஒரு பைசாகூடப் பிடிப்பதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். அதனாலேயே வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய். துக்க வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

கூட்டு விண்ணப்பப் படிவம் என்று கேளுங்கள். மூன்றுக்கும் அந்த ஒரே படிவம் போதும். உயிலைவிட நாமினி பதிவைத்தான் அங்கே முதலில் பார்ப்பார்கள்.

உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவர் நாமினி பதிவு செய்துவிட்டாரா? இன்றைக்கே கேளுங்கள்.