பங்காளிகளின் கோப்பை



அடுத்தடுத்த இரண்டு ஊர்கள் பந்தயம் ஆடும்போது காணும் சூடு, தூரத்து ஊர்க்காரர்களோடு ஆடும்போது காண்பதில்லை. தூரத்து ஊரானிடம் தோற்றால் அன்றிரவே மறந்துவிடலாம். அடுத்த ஊரானிடம் தோற்றாலோ மறுநாள் சந்தையில் அவன் முகத்தில் விழித்தாக வேண்டும். அந்த அடுத்த ஊரான், ஒரே வீட்டிலிருந்து பாகம் பிரித்துக்கொண்டு போன பங்காளியாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பங்காளிக் காய்ச்சல் என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். அந்தக் காய்ச்சலை ஒரு கால்பந்துக் கோப்பைக்குள் அடக்கிவிட முடியுமா என்று 1927-ஆம் ஆண்டில் மத்திய ஐரோப்பாவில் சிலர் முயன்று பார்த்தார்கள். அந்த முயற்சியின் கதையையே இன்று சொல்லப் போகிறேன்.

வியன்னா, புடாபெஸ்ட், பிராகா என்னும் மூன்று நகரங்களும் 1918 வரை ஒரே சக்கரவர்த்தியின் குடையின்கீழ் இருந்தவை. அக்காலத்திலேயே இந்நகரங்களின் கழகங்கள் ஒன்றோடொன்று ஆடி வந்தன. 1897 முதல் 1911 வரை சாம்ராஜ்யத்தின் கழகங்களுக்கென்று ஒரு சவால் கோப்பையே இருந்தது. முதல் உலகப்போரின் முடிவில் சாம்ராஜ்யம் சிதறியது. ஆஸ்திரியா, ஹங்கேரி, செக்கோஸ்லோவாகியா எனத் தனித்தனி நாடுகள் எழுந்தன. வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கு உள்ள தூரம் சென்னையிலிருந்து திருச்சிக்கு உள்ள தூரத்தைவிடக் குறைவு. ஆனால் இடையில் இப்பொழுது சுங்கச் சாவடியும், வேறு நாணயமும், வேறு கொடியும் வந்துவிட்டன.

நாடுகள் பிரிந்தாலும் ஆட்டம் பிரியவில்லை. மூன்று நகரங்களிலும் ஏறக்குறைய ஒரே வகை ஆட்டமே நிலவியது. பந்தை உயரத் தூக்கியடித்துவிட்டு அதன் பின்னால் ஓடுவதை விடுத்து, தரையோடு தரையாக ஒருவருக்கொருவர் குறுகிய தூரத்தில் தள்ளிக்கொண்டே முன்னேறும் முறை அது. வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் இம்முறையைக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் ஜிம்மி ஹோகன் என்ற ஆங்கிலேயர். சொந்த நாட்டில் அதிகம் மதிக்கப்படாத அந்த ஆசிரியருக்கு டான்யூப் நதிக்கரையில் நல்ல மாணவர்கள் கிடைத்தார்கள்.

இந்தக் கதையின் சூத்திரதாரி ஹூகோ மைஸ்ல் என்பவர். 1881-இல் பொஹீமியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் வங்கி உத்தியோகம் பார்த்தவர். நடுவராக இருந்து, பின்னர் ஆஸ்திரியக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகவும் தேசியக் குழுவின் தலைவராகவும் விளங்கியவர். வியன்னாவின் ரிங் காப்பிக் கடையில் கால்பந்து அபிமானிகள் கூடி மணிக்கணக்கில் விவாதிப்பது வழக்கம். அந்தச் சபையில் மைஸ்லின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு.

அவருக்கு ஒரு கவலை இருந்தது. ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டு சம்பளம் பெறும் முறை ஆஸ்திரியாவில் 1924-இலும், செக்கோஸ்லோவாகியாவில் 1925-இலும், ஹங்கேரியில் 1926-இலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சம்பளம் கொடுக்க வேண்டுமானால் வாயிலில் டிக்கெட் விற்க வேண்டும். ஆஸ்திரிய லீக்கோ அப்போது வியன்னா நகரத்துக் கழகங்களை மட்டுமே கொண்டது. பார்த்த முகங்களையே எத்தனை ஞாயிற்றுக்கிழமைதான் ஜனங்கள் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? பிராகாவின் ஸ்பார்ட்டா வருகிறது, புடாபெஸ்டின் பெரென்ட்ஸ்வாரோஷ் வருகிறது என்றால் நகரமே திரண்டு வரும். எந்த நாட்டு லீக் உயர்ந்தது என்ற வழக்கும் காப்பிக் கடையில் தீராமல் மைதானத்தில் தீரும்.

1927 ஜூலையில் வெனிஸ் நகரில் கூடிய பிரதிநிதிகள் மைஸ்லின் திட்டத்தை ஏற்றார்கள். ஆகஸ்டில் பந்தயம் தொடங்கியது. மத்திய ஐரோப்பாவைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லைச் சுருக்கி மித்ரோபாக் கோப்பை என்று அதை எல்லோரும் அழைத்தார்கள். முதலாண்டில் ஆஸ்திரியா, ஹங்கேரி, செக்கோஸ்லோவாகியா, யூகோஸ்லாவியா ஆகிய நான்கு நாடுகளிலிருந்து நாட்டுக்கு இரண்டு கழகங்கள் ஆடின. 1929-இல் யூகோஸ்லாவியாவின் இடத்திற்கு இத்தாலி வந்தது. 1934 முதல் நாட்டுக்கு நான்கு கழகங்கள் என ஆயிற்று.

இதன் விதியைச் சற்றுக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் இரண்டு ஆட்டம் ஆடும். உன் ஊரில் ஒன்று, என் ஊரில் ஒன்று. இரண்டிலும் போட்ட கோல்களைக் கூட்டி வெற்றி தோல்வி நிர்ணயிக்கப்படும். சமமானால் மூன்றாவது ஆட்டம். பங்காளிகளுக்கு ஏற்ற விதி இது. என் மைதானம் மேடு, உன் நடுவர் குருடு என்று யாரும் முறையிட இடமில்லை. இருவரும் ஒருமுறை விருந்தினர், ஒருமுறை வீட்டுக்காரர். முதல் ஆண்டின் இறுதியில் ஸ்பார்ட்டா பிராகாவில் வியன்னா ராப்பிட் கழகத்தை 6-2 என்று வென்றது. வியன்னாவில் 1-2 என்று தோற்றது. ஆயினும் கூட்டிப் பார்க்கையில் கோப்பை ஸ்பார்ட்டாவுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு பெரென்ட்ஸ்வாரோஷ், அதற்கடுத்த ஆண்டு உய்பெஸ்ட் என இரண்டு முறை புடாபெஸ்டுக்கும், 1930-இல் ராப்பிட் மூலம் வியன்னாவுக்கும் கோப்பை சென்றது.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1932-ஆம் ஆண்டு அரையிறுதியில் பிராகாவின் ஸ்லாவியாவும் டூரின் நகரின் யுவென்டஸும் மோதின. பிராகாவில் ஸ்லாவியா 4-0 என்று வென்றது. டூரினில் யுவென்டஸ் இரண்டு கோல் போட்டு முன்னேறிக்கொண்டிருந்த சமயம், கூட்டத்திலிருந்து எறியப்பட்ட பொருள் ஒன்று ஸ்லாவியாவின் புகழ்பெற்ற கோல்காப்பாளர் பிளானிச்காவைத் தாக்கியது. ஸ்லாவியா மைதானத்தைவிட்டு வெளியேறியது. பந்தயக் குழு என்ன செய்தது தெரியுமா? இரண்டு கழகங்களையும் விலக்கிவிட்டது. மற்றோர் அரையிறுதியில் வென்றிருந்த பொலோன்யா, இறுதியாட்டம் ஆடாமலேயே கோப்பையைப் பெற்றது.

இந்நிகழ்ச்சியைப் பலர் வெட்கக்கேடாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்கோ அதில் வேறொன்று தென்படுகிறது. இரு நாடுகளின் மிகப் பெரிய கழகங்கள் இரண்டையும் ஒரு சிறு குழு ஒருசேரத் தண்டித்தது. அவையும் அதற்கு உட்பட்டன. மறு ஆண்டும் பந்தயம் நடந்தது. படைபலமோ போலீஸ் பலமோ இல்லாத ஒரு குழுவின் தீர்ப்பு, எல்லைக்கு இருபுறமும் செல்லுபடியாயிற்று. அந்நாளைய ஐரோப்பாவில் இது சிறிய காரியம் அன்று.

1933-ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒருபுறம் வியன்னாவின் ஆஸ்திரியா கழகம். மறுபுறம் மிலான் நகரின் அம்ப்ரோசியானா. மிலானில் முதல் ஆட்டத்தில் வியன்னா 1-2 என்று தோற்றது. இரண்டாவது ஆட்டத்தில் வியன்னா 3-1 என்று வென்றது; மூன்று கோல்களையும் போட்டவர் மத்தியாஸ் சின்டெலார். மெலிந்த உடல், முரட்டுத் தடுப்பாளர்களின் நடுவே காகிதம்போல் மிதந்து போவாராம். அதனால் ‘காகித மனிதர்’ என்றே வியன்னா மக்கள் அவரை அழைத்தார்கள். அவரும் மைஸ்லைப்போலவே செக் நாட்டு மண்ணில் பிறந்து, வியன்னாவின் தொழிலாளர் பேட்டையில் வளர்ந்தவர். எதிரணியில் இத்தாலியின் இளஞ்சிங்கம் ஜுசெப்பே மெயாட்சா. அவரைப் பிள்ளைப் பிராயத்திலேயே கண்டெடுத்து ஆளாக்கிய பயிற்சியாளர் அர்பாத் வைஸ் ஒரு ஹங்கேரியர். ஆக, இது எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் நடந்த போட்டி? கொடியைப் பார்த்தால் ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும். ஆளைப் பார்த்தால், உறவும் பகையுமாய்ப் பின்னிக் கிடந்த ஒரு பெருங்குடும்பத்துக்குள் நடந்த போட்டி.

வானொலிக்கும் இக்கதையில் ஓர் இடம் உண்டு. 1932 டிசம்பர் 7-ஆம் தேதி மைஸ்லின் தேசியக் குழு லண்டனில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடி 3-4 என்று தோற்றது. வியன்னாவில் ஹெல்டன்பிளாட்ஸ் என்னும் வீரர் சதுக்கத்தில் ஒலிபெருக்கி வைத்து, பெருங்கூட்டம் அந்த ஆட்டத்தின் வருணனையைக் கேட்டது. தோல்விதான், ஆயினும் கூட்டம் பெருமையோடு கலைந்தது. அதே சதுக்கத்தில், ஐந்தேகால் ஆண்டுகள் கழித்து, 1938 மார்ச் 15-ஆம் தேதி மற்றொரு பெருங்கூட்டம் கூடிற்று. அன்று ஒலிபெருக்கியில் ஒலித்தது ஹிட்லரின் குரல். ஆஸ்திரியா என்ற நாடு வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது.

இந்தத் திருப்பத்தின் அடையாளம் ஓராண்டு முன்பே தென்பட்டது. 1937-இல் வியன்னாவின் அட்மிரா கழகமும் இத்தாலியின் ஜெனோவாவும் ஆடிய முதல் ஆட்டம் கைகலப்பில் முடிந்தது. மறு ஆட்டம் இத்தாலியில் நடக்கக் கூடாதென்று இத்தாலிய அரசாங்கமே தடை விதித்தது. இரு கழகங்களும் விலக்கப்பட்டன. 1932-இல் தீர்ப்புச் சொன்னது பந்தயக் குழு. 1937-இல் முந்திக்கொண்டு கை நீட்டியது அரசாங்கம். வித்தியாசம் எவ்வளவு என்பதை நீங்களே அறிவீர்கள். அதைத் தடுத்துப் பேச மைஸ்ல் அப்போது உயிரோடு இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே அவர் காலமாகிவிட்டார்.

1938-இல் வியன்னாக் கழகங்கள் கோப்பையில் இல்லை. 1927 முதல் 1936 வரை ஏழு ஆண்டுகளின் இறுதியாட்டத்தில் வியன்னாக் கழகம் ஒன்றேனும் இடம்பெற்றிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பந்தயத்தைப் பெற்ற தாய்வீடே இல்லாமல் போயிற்று. 1938 ஏப்ரலில் பழைய ஆஸ்திரியக் குழுவுக்கும் ஜெர்மானியக் குழுவுக்கும் வியன்னாவில் ஓர் ஆட்டம் நடந்தது. சின்டெலார் அதில் கோல் போட்டார். வியன்னா 2-0 என்று வென்றது. பின்னர் ஜெர்மானியக் குழுவில் அவர் ஆடவேயில்லை. 1939 ஜனவரியில், தம் முப்பத்தைந்தாம் வயதில், விஷ வாயுவால் மாண்டார். அர்பாத் வைஸின் கதை இன்னும் கொடியது. பொலோன்யாவை இரண்டு முறை இத்தாலிய லீக்கில் முதலிடத்துக்குக் கொண்டுவந்த அந்த மனிதர், யூதர் என்பதற்காக இத்தாலியைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஹாலந்தில் பிடிபட்டார். மனைவியும் இரு குழந்தைகளும் 1942-இல் ஔஷ்விட்ஸில் கொல்லப்பட்டனர். அவர் 1944 ஜனவரியில் அங்கேயே உயிரிழந்தார்.

கோப்பையின் கதை 1940-இல் நடுவழியில் நின்றது. ருமேனியாவின் ராப்பிட் புக்காரெஸ்ட் கழகம், ஸாக்ரெப் நகரத்துக் கழகத்தோடு மூன்று ஆட்டம் ஆடியும் முடிவு காணாமல், சீட்டுக் குலுக்கி இறுதிக்கு வந்தது. எதிரே ஹங்கேரியின் பெரென்ட்ஸ்வாரோஷ். ஆனால் அந்த ஆகஸ்டில், ஜெர்மனியும் இத்தாலியும் சேர்ந்து, வட டிரான்சில்வேனியாவை ருமேனியாவிடமிருந்து பிடுங்கி ஹங்கேரிக்குக் கொடுத்தன. அந்தப் பாகப்பிரிவினை எழுதப்பட்ட இடமும் வியன்னாதான். இறுதியாட்டம் நடக்கவேயில்லை.

போருக்குப் பின் மித்ரோபாக் கோப்பை மீண்டும் தலையெடுத்து 1992 வரை நடந்தது. ஆனால் பழைய மதிப்பு திரும்பவில்லை; அதன் எண்ணத்தை வேறொரு பெரிய பந்தயம் சுவீகரித்துக்கொண்டது. 1954 டிசம்பரில் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் கழகம் புடாபெஸ்டின் ஹொன்வேத் கழகத்தைத் தன் மைதானத்தில் 3-2 என்று வென்றது. உடனே ஆங்கிலப் பத்திரிகைகள் தம் கழகமே உலகில் முதல் என்று முழங்கின. பாரிஸின் லெகிப் பத்திரிகையில் கப்ரியேல் ஹானோ என்பவர் குறுக்கிட்டார். அவர்கள் மாஸ்கோவுக்கும் புடாபெஸ்டுக்கும் போய் ஆடிவிட்டு வரட்டும், பிறகு பேசலாம் என்றார். உன் ஊரில் ஒன்று, என் ஊரில் ஒன்று என்ற மைஸ்லின் பழைய நியாயம்தான் அது. அந்த வாதத்திலிருந்து 1955-இல் ஐரோப்பியக் கோப்பை பிறந்தது. 1992 முதல் சாம்பியன்ஸ் லீக் என்ற பெயரில் அது நடந்து வருகிறது.

விளையாட்டு நாடுகளை நண்பர்களாக்குகிறது என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். மித்ரோபாக் கோப்பை யாரையும் நண்பர்களாக்கியதாகத் தெரியவில்லை; போரையும் அது தடுக்கவில்லை. அங்கே கல் எறிந்தார்கள், வசை பாடினார்கள், ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போனார்கள். ஆனாலும் மறு ஆண்டு ரயிலேறி மீண்டும் அடுத்தவன் ஊருக்கு வந்தார்கள். அந்தச் சண்டைகளுள் எதுவும் கோப்பையை அழிக்கவில்லை. அடுத்த வீடே இருக்கக் கூடாது என்று ஒருவன் நினைத்தபோதுதான் அது அழிந்தது. பங்காளியைத் தோற்கடிக்க விரும்புகிறவன், அவன் அடுத்த ஆண்டும் ஆட வர வேண்டும் என்றும் கூடவே விரும்புகிறான். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் குழுவைப் பார்த்து நம் இளைஞர்கள் ஆரவாரிக்கும்போது, இந்த இரண்டாவது விருப்பமும் அவர்கள் நெஞ்சில் இருக்கிறதா என்று நாம் பார்த்துக்கொண்டால் போதும்.