எல்லை தாண்டினா பெட்ரோல் விலை மாறும், இன்சூரன்ஸ் மாறுமா?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் காரைக்கால்ல இருந்து பேசுறேன். சென்னையிலயும் பெங்களூர்லயும் இருந்து கேட்கிறவங்களுக்கும் இது பொருந்தும், ஏன்னு போகப் போகத் தெரியும்.

காரைக்கால்காரங்க எதுக்கும் ரெண்டு விலை தெரிஞ்சு வெச்சிருப்பாங்க. வாஞ்சூர் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் என்ன விலை, அந்தப் பக்கம் நாகூர்ல என்ன விலை? பெட்ரோல், மதுபானம், ரோடு டாக்ஸ் எல்லாத்துக்கும் இந்தக் கணக்கு உண்டு. புதுச்சேரி விலாசம் காட்டி சொகுசு கார் ரிஜிஸ்டர் பண்ணின விவகாரம் 2017ல கேரளாவுல போலீஸ் கேஸ் வரைக்கும் போச்சு, ஞாபகம் இருக்கா? அதுவும் இதே கணக்குதான்.

ஆனா கார் இன்சூரன்ஸ்ல இந்தக் கணக்கு எடுபடாது. பிஒய் 02 போர்டு போட்ட வண்டியா இருந்தாலும் சரி, டிஎன் போர்டு வண்டியா இருந்தாலும் சரி, தேர்ட் பார்ட்டி பிரீமியம் இந்தியா முழுக்க ஒண்ணுதான். அதை நிர்ணயம் பண்றது டெல்லியில இருக்கிற சாலைப் போக்குவரத்து அமைச்சகம், ஐஆர்டிஏஐ-யோட கலந்து பேசி.

"ரினீவல் வந்தாலே பயமா இருக்கு"ன்னு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. அதனால முதல்ல, ஏறுறது எதுன்னு பிரிச்சுப் பார்ப்போம்.

1000 சிசிக்கு மேல, 1500 சிசிக்குள்ள இருக்கிற கார். 2019ல தேர்ட் பார்ட்டி பிரீமியம் 3,221 ரூபாய். 2022 ஜூன் 1ல இருந்து 3,416 ரூபாய். மூணு வருஷத்துல ஏறினது 195 ரூபாய்தான். 2023லயும் 2024லயும் ஏத்தவே இல்லை. இது பத்தாதுன்னு கம்பெனிகள் தொடர்ந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க.

அப்போ பில் ஏன் கனக்குது? மூணு காரணம் இருக்கு.

ஒண்ணு, ஓன் டேமேஜ். உங்க வண்டிக்கு ஆகுற சேதத்துக்கான பகுதி இது. இந்த விலையை அரசாங்கம் வைக்கிறதில்லை. 2007ல இருந்து கட்டுப்பாடு விலகிடுச்சு. பம்பர்ல சென்சார், கண்ணாடியில கேமரான்னு வந்த பிறகு சின்ன உரசலுக்கே பெரிய பில் வருது, அது பிரீமியத்துல எதிரொலிக்குது. அதுக்கு மேல ஜீரோ டெப், என்ஜின் கவர்னு ஒவ்வொரு ஆட்-ஆனுக்கும் தனிக் காசு.

ரெண்டு, புதுக் கார். ஷோரூம்லயே மூணு வருஷ தேர்ட் பார்ட்டியை மொத்தமா கட்டணும். நான் சொன்ன அதே ரகக் காருக்கு 10,640 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இதுக்குப் பின்னாடி ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையோட எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012ல சுப்ரீம் கோர்ட்ல பொதுநல வழக்கு போட்டார். அந்த வழக்குல 2018 ஜூலையில வந்த உத்தரவுதான் இது: 2018 செப்டம்பர் 1ல இருந்து புதுக் காருக்கு மூணு வருஷம், பைக்குக்கு அஞ்சு வருஷம். காரணம், முதல் வருஷம் முடிஞ்சதும் நிறைய பேர் ரினீவல் பண்றதே இல்லை.

மூணு, ஜிஎஸ்டி. 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் லைஃப், ஹெல்த் இன்சூரன்ஸுக்கு வரியே இல்லைன்னு ஆக்கினாங்க. சின்னக் காருக்கான வரியை 28ல இருந்து 18க்குக் குறைச்சாங்க. கார் இன்சூரன்ஸ் மட்டும் 18லயே நிக்குது. ஹெல்த் இன்சூரன்ஸ் நம்ம விருப்பம். தேர்ட் பார்ட்டி அப்படி இல்லை, மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். கட்டாயம்னு சொல்ற அரசாங்கமே அதுமேல 18 சதவீதம் வரி எடுக்குது. எனக்கு இதுல நியாயம் தெரியலை. மாத்தணும்னா முதல்ல இதை மாத்தலாம்.

இப்போ ஒரு கூட்டல் போடுங்க. 3,416 ரூபாயோட ஜிஎஸ்டி சேர்த்தா சுமார் 4,031 ரூபாய். இன்சூரன்ஸ் இல்லாம முதல் தடவை மாட்டினா அபராதம் 2,000 ரூபாய். சட்டத்துல மூணு மாசம் வரை ஜெயிலும் இருக்கு, ஆனா ரோட்டுல நடக்கிறது பெரும்பாலும் அபராதம்தான். கட்டுறதை விட மாட்டுறது மலிவு! இந்தியாவுல பாதிக்கு மேல வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் இல்லைன்னு நாடாளுமன்ற நிதி நிலைக்குழு 2024ல சொன்னதுல ஆச்சரியமே இல்லை.

பிரச்சினை அபராதத்தோட முடியலை. சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறுக்கு வர்ற கூட்டத்தை நினைச்சுப் பாருங்க. அந்த ரோட்டுல சைக்கிள்ல போற ஒரு கூலித் தொழிலாளியை இன்சூரன்ஸ் இல்லாத வண்டி இடிச்சுடுதுன்னு வெச்சுக்குவோம். தீர்ப்பாயம் பத்து லட்சம் கொடுக்கச் சொல்லலாம். ஆனா அதை வண்டி ஓனர்கிட்ட இருந்துதான் வாங்கணும். அவர்கிட்ட இல்லைன்னா அந்தக் குடும்பத்துக்கு மிச்சம் தீர்ப்புக் காகிதம்தான். தேர்ட் பார்ட்டிங்கிறது நம்ம காருக்கு இல்லை, இந்த மனுஷனுக்கு.

அதனாலதான் "பிரீமியத்தைக் குறை"ன்னு மட்டும் கேட்டா போதாது. 2016ல வந்த திருத்த மசோதாவுல, கம்பெனி கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைக்கப் பார்த்தாங்க: சாவுக்கு 10 லட்சம், படுகாயத்துக்கு 5 லட்சம். எதிர்ப்பு வந்து அது நீங்கிச்சு. நீங்கினது நல்லது. பிரீமியம் குறையலாம், ஆனா அந்தச் சுமை அடிபட்டவன் தலையில போய் விழும்.

வேற வழி? நம்ம காரைக்கால்ல நிறைய வீட்டுல பிரான்ஸ்ல ஒரு அண்ணனோ அத்தையோ இருப்பாங்க. அவங்ககிட்ட "போனஸ்-மாலுஸ்"னு கேட்டுப் பாருங்க. விபத்தில்லாம ஓட்டினா வருஷத்துக்கு 5 சதவீதம் குறையும். உங்க தப்பால விபத்து நடந்தா 25 சதவீதம் ஏறும். இங்க நமக்கு இருக்கிறது என்சிபி மட்டும்தான், அதுவும் ஓன் டேமேஜ்ல. குடிச்சுட்டு ஓட்டுறவரும் பார்த்து ஓட்டுறவரும் ஒரே தேர்ட் பார்ட்டி தொகைதான் கட்டுறாங்க. போக்குவரத்து விதிமீறலை பிரீமியத்தோட இணைக்கலாம்னு ஐஆர்டிஏஐ-யோட குழு 2021ல ஒரு வரைவு கொடுத்தது. அதைத் தூசி தட்டி எடுக்கணும்கிறது என் கட்சி.

அரசாங்கம் ஒண்ணுமே செய்யலைன்னும் சொல்ல மாட்டேன். 2025 மே மாசம் வந்த திட்டப்படி, விபத்துல அடிபட்டவங்களுக்கு ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குள்ள காசில்லாம சிகிச்சை உண்டு. இடிச்ச வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கணும்னு இல்லை. இதை மறக்காம வீட்டுல சொல்லி வைங்க.

கடைசியா, உங்க கையில இருக்கிற மூணு விஷயம்.

பாலிசி முடிஞ்சு 90 நாள் தாண்டினா என்சிபி போயிடும். அஞ்சு வருஷம் சேர்த்த 50 சதவீதம் தள்ளுபடி காலி. அந்த என்சிபி வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். காரை வித்தாலும் புதுக் காருக்குக் கொண்டுபோகலாம்.

வண்டி கம்மியா ஓடுதா? ஓடுற கிலோமீட்டருக்கு ஏத்த மாதிரி ஓன் டேமேஜ் பிரீமியம் கட்டுற ஆட்-ஆனுக்கு 2022 ஜூலையில அனுமதி கொடுத்தாச்சு. காரைக்கால் பீச்சுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போற வண்டிக்கு அதைக் கேட்டுப் பாருங்க.

மூணாவது, மழை. ஐப்பசி, கார்த்திகையில டெல்டாவுல தண்ணி நிக்கும். தண்ணி நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணி என்ஜின் போனா, சாதாரண ஃபுல் இன்சூரன்ஸ்ல பணம் வராது, என்ஜின் கவர் வேணும். ஸ்டார்ட் பண்ணாம டோ பண்ணச் சொல்லுங்க.

இன்னிக்கு ராத்திரி உங்க பாலிசியைத் திறந்து, தேர்ட் பார்ட்டி எவ்வளவு, ஓன் டேமேஜ் எவ்வளவு, வரி எவ்வளவுன்னு மூணு எண்ணைப் பாருங்க. அதுல எது போன வருஷத்தை விட ஏறியிருக்குன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல அதை வெச்சே பேசுவோம். பத்திரமா ஓட்டுங்க.