குண்டுமழைக்கிடையே ஒரு பியானோ

 

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய மன்றத்தில் பியானோக் கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். கவிதைக்கும் இசைக்கும் பொதுவான வினா ஒன்று உண்டு. உலகம் பற்றியெரியும்போது கலைக்கு என்ன வேலை? இதற்குத் தம் வாழ்வால் விடை பகர்ந்தவர் மைரா ஹெஸ் அம்மையார்.

1890இல் இலண்டனில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்த இவர், அரச இசைக் கல்விக்கழகத்தில் டோபியாஸ் மாத்தேயிடம் பயின்றார். 1907இல், தம் பதினேழாம் அகவையில், தாமஸ் பீச்சம் நடத்திய இசைக்குழுவுடன் பீத்தோவனின் நான்காம் பியானோ இசைக்கோவையை வாசித்து அரங்கேறினார். எனினும் புகழ் உடனே வந்து சேரவில்லை. நெடுங்காலம் மாணவர்க்குக் கற்பித்தே வாழ்க்கையை நடத்த வேண்டியிருந்தது. 1922ஆம் ஆண்டின் அமெரிக்கப் பயணத்திற்குப் பின்னரே உலகம் அவரை உணர்ந்தது.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. இலண்டனின் இசையரங்குகள் மூடப்பட்டன. தேசிய ஓவியக்கூடத்து ஓவியங்கள் பாதுகாப்புக்காக வெளியூர்களுக்கு அகற்றப்பட, சுவர்கள் வெறுமையாயின. அவ்வெறுங்கூடத்தை இசையால் நிரப்பலாம் என்று மைரா ஹெஸ் கருதினார். கூடத்தின் இயக்குநர் கென்னத் கிளார்க் மனமுவந்து இசைந்தார். அமெரிக்காவில் தமக்குக் காத்திருந்த பயணத்தையும் வருவாயையும் துறந்து, 10.10.1939 அன்று அவரே முதல் நிகழ்ச்சியை நடத்தினார்.

நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும் நண்பகலில் இசை ஒலித்தது. 1940இல் குண்டுமழை பொழிந்தபோது நிகழ்ச்சி நிலவறைக்கு இறங்கியதேயன்றி நிற்கவில்லை. 1946 ஏப்ரல் வரை ஏறத்தாழ 1,700 நிகழ்ச்சிகள் நடந்தன. எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கேட்டனர். அம்மையார் ஊதியம் ஏதும் பெறாமல் அங்கு நூற்றுக்கும் மிகுதியான முறை வாசித்தார்.

இவற்றினும் பெரிதாக நான் கருதுவது வேறொன்று. அங்கு அவர் வாசித்தவை யாருடைய படைப்புகள்? பாக், பீத்தோவன், சூமன், பிராம்ஸ் ஆகியோர் அனைவரும் செருமானியர். தலைமேல் குண்டு வீசுவது செருமனி. யூதரை வேரறுக்க முனைந்து நிற்பதும் அதே செருமனியின் ஆட்சி. யூதப் பெண்ணாகிய இவருக்கு அந்த இசையை வெறுக்கக் காரணமா இல்லை? ஆயினும் பீத்தோவனை இட்லருக்கு விட்டுக்கொடுக்க அவர் உடன்படவில்லை. ஒரு நாட்டின் கொடுங்கோலன் அந்நாட்டுக் கலைக்கு உரிமையாளன் ஆகமாட்டான் என்பதை, வாதிட்டு நிறுவாமல் வாசித்தே நிறுவினார்.

கவிஞர் பெருமக்களே! பகை மூளும்போது முதலில் காயப்படுவது நம் சுவையுணர்வே. எழுதியவர் எந்நாட்டார், எக்கட்சியார், எக்குலத்தார் என்று கேட்டு, அதன் பின்னரே கவிதையைக் கையிலெடுக்கும் பழக்கம் நம்மிடையேயும் இல்லாமலில்லை. பகைவனைப் பாடுவது வேறு. பகைவன் நாட்டுப் பாட்டை நுகர்வது வேறு. இவ்வேறுபாட்டை மறந்த மன்றம் விரைவில் தன் குரலை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும்.

அம்மையார் 1961இல் மேடையை விட்டு விலகி, 1965இல் மறைந்தார். இசைத்தட்டுகள் அவருடைய கைத்திறத்தைக் காத்து வைத்திருக்கின்றன. அவருடைய மனத்திண்மையைக் காக்க வேண்டியவர்கள் நம்மைப் போன்ற சிறு கூட்டத்தாரே. குறித்த நாளில், குறித்த நேரத்தில், வந்திருப்போர் பத்துப் பேராயினும் கூட்டத்தைத் தொடங்குவது எளிய செயல் போலத் தோன்றும். பத்தாண்டுகள் அதனைச் செய்த உங்களுக்கு அதன் அருமை தெரியும். அந்தக் கதவு இனியும் எல்லாக் கவிதைக்கும் திறந்திருக்கட்டும் என வேண்டி அமைகிறேன்.