வந்தவர் எத்தனை பேர்?

மாலையில் கல்லாப் பெட்டியை எண்ணும் கடைக்காரருக்கு அன்றைய வியாபாரம் தெரிந்துவிடும். வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனவர்களின் கணக்கு அவருக்குக் கிட்டாது. இணையத்தில் செயலி நடத்துவோர்க்கோ அந்தக் கணக்கும் வேண்டும். மாணவ நண்பர்களே, அந்த ஆசை எனக்கும் இருந்தது.

ஒரு கல்லூரி நூலகத்திற்காக, நூல்களைத் தேடித்தரும் இணையச் செயலி ஒன்றை அமைத்திருந்தேன். அதனைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர் என்றறிய, கூகுள் அனலிட்டிக்ஸுக்கான செருகுநிரல் ஒன்றைச் சேர்த்தேன். செருகுநிரல் என்பது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலைக் கலைக்காமல் அதனோடு பொருத்தத்தக்க துணை நிரல். அடையாள எண் ஒன்றை உரிய கட்டத்தில் எழுதிச் சேமித்தேன். வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது.

மறுநாள் கணக்கைப் பார்த்துப் பூரித்துப் போனேன். பூரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. அதே கணக்கு நிரலை முன்னரே கையால் ஒருமுறை எழுதி வைத்திருந்தேன். ஆகவே ஒவ்வொரு வருகையும் இரண்டாகப் பதிவாயிற்று. போதாக்குறைக்கு, சோதித்துப் பார்க்க நானே பன்முறை வந்து போயிருந்தேன்!

இக்கருவி மனிதரை எண்ணுவதில்லை என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன். அது வருபவரின் உலாவியில் குக்கீ என்னும் சிறு குறிப்பை எழுதி, அதில் ஓர் எண்ணை இடுகிறது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி உருவாக்கிய உத்தி இது. கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் வரும் ஒரே மாணவர் இருவராகிறார். நூலகத்தின் ஒரே கணிப்பொறியில் அமரும் பத்து மாணவர் ஒருவராகலாம்.

இவையெல்லாம் கணக்குப் பிழைகள். என்னைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. பார்த்த பக்கங்களின் முகவரிகளும் அறிக்கையில் வந்திருந்தன. எங்கள் செயலியில் தேடிய சொல் முகவரியிலேயே ஒட்டிக்கொள்ளும். இரவல் நூல்களைக் காட்டும் பக்கத்தின் முகவரியிலோ மாணவரின் பதிவெண் இருக்கும். ஒரு வரியில் மனநோய் ஒன்றின் பெயரைக் கண்டேன். அதே குக்கீ எண்ணின்கீழ் பதிவெண்ணும் இருந்தால், தேடியவர் யார் என்பது வெளிப்பட்டுவிடும் அன்றோ? அந்த மாணவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகவரியை அப்படி அமைத்தவன் நான். செருகுநிரலைக் குறைகூற எனக்கு வாயில்லை.

அன்றே செருகுநிரலை நிறுத்தினேன். சேர்ந்திருந்த பதிவுகளை அழித்தேன். பின்னர் நூலகத்தின் சொந்த வழங்கியிலேயே மடோமோ என்னும் மென்பொருளை நிறுவினோம். 2018 வரை பிவிக் என்று பெயர் பெற்றிருந்தது அது. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்வருவதையும் பதிவெண்ணையும் வெட்டிவிட்டே அனுப்புமாறு அமைத்தேன். சம்மதம் கேட்கும் பொத்தானும் வைத்தோம்.

வருகைக் கணக்கு வெகுவாகச் சுருங்கியது. "இவ்வளவுதானா?" என்றார் நூலகர். ஆயினும் ஒன்றை மட்டும் புதிதாக எண்ணச் சொல்லியிருந்தேன்: விடை கிடைக்காத தேடல்கள் எத்தனை, அவை தமிழ் எழுத்திலா ஆங்கில எழுத்திலா என்பது. சொல்லோ ஆளோ வேண்டியதில்லை. தமிழ் எழுத்தில் தேடியவர்களே பெரும்பாலும் வெறுங்கையுடன் திரும்பியிருந்தார்கள். காரணம், பட்டியலில் தமிழ் நூல்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏற்றப்பட்டிருந்தன.

நூலகர் அந்த வாரமே முதல் அலமாரியிலிருந்து பெயர்களைத் தமிழில் ஏற்றத் தொடங்கினார்.