துணிச்சலா? பொறுமையா? – பொறுமையே!



"ராகேஷ் சர்மா துணிச்சல் இல்லாமலா விண்வெளிக்குப் போனார்?" என்று எதிரணி நண்பர் கேட்டார். கைதட்டலையும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். ஐயா, நான் சாட்சிக்குக் கூப்பிடப்போவதே அவரைத்தான்! (சிரிப்பு)

துணிச்சல் இருந்தது, மறுக்கலை. 1949-ல் பாட்டியாலாவில் பிறந்தவர். 1971 போரில் மிக்-21 ஓட்டியவர். ஆனா அந்த மாதிரித் துணிச்சல்காரங்க நம்ம விமானப்படையில நிறைய பேர் இருந்தாங்களே! 1982-ல் ஆள் தேர்ந்தெடுத்தப்ப என்ன செஞ்சாங்க தெரியுமா? பெங்களூரில் ஓர் அறைக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க. 72 மணி நேரம்! அடைபட்ட இடத்துல மனசு கலங்குதான்னு பார்க்கிறதுக்கு. நம்ம வீட்டுல அஞ்சு நிமிஷம் கரண்ட் போனா என்ன புலம்பு புலம்புறோம்! (சிரிப்பு)

அப்புறம் மாஸ்கோவுக்குப் பக்கத்துல நட்சத்திர நகரம். ஒரே பனி. பயிற்சி பூரா ரஷ்ய மொழியில். அதனால முதல்ல மொழி படிக்கணும், தினம் ஆறேழு மணி நேரம். இப்படி ஏறத்தாழ ஒன்றரை வருஷம். எதுக்கு? 1984 ஏப்ரல் 3-ல் சோயுஸ் டி-11-ல் கிளம்பி, சல்யூட்-7 நிலையத்தில் தங்கி, 11-ஆம் தேதி தரை இறங்குற வரைக்கும் எட்டு நாளுக்கு! எட்டு நாள் கல்யாணத்துக்கு ஒன்றரை வருஷம் பந்தல் போட்ட கதை.

நடுவர் அவர்களே, இன்னொருத்தர் பெயரை இங்கே சொல்லியாகணும். ரவீஷ் மல்ஹோத்ரா. அவரும் விமானப்படைக்காரர். சர்மாவை விட வயதில் மூத்தவர். அதே பயிற்சி, அதே பனி, அதே ரஷ்ய மொழி. ஆனா ராக்கெட்டுல இந்தியருக்கு இடம் ஒண்ணுதான். கடைசி நேரத்துல சர்மாவுக்கு உடம்புக்கு முடியலைன்னா இவர் போகணும். சர்மாவுக்கு ஒன்றும் ஆகலை. எல்லாப் பாடமும் படிச்சு, எல்லாப் பரீட்சையும் எழுதி, இவர் பூமியிலேயே நின்னுட்டார். மேலே ஏறுறதுக்குத் துணிச்சல் போதும்னே வெச்சுக்குவோம். கீழே நிக்கிறதுக்கு என்னய்யா வேணும்? எதிரணி பதில் சொல்லட்டும்! (பலத்த கைதட்டல்) சர்மாவுக்கு அசோகச் சக்கரம் கொடுத்த நாடு, கீழே நின்ற மல்ஹோத்ராவுக்கும் கீர்த்திச் சக்கரம் கொடுத்தது.

இந்தச் செந்துறைப் பக்கம் முந்திரித் தோப்பு வெச்சிருக்கிற அண்ணன்மார்களைக் கேட்கிறேன். கன்னு நட்ட மறுநாளே கொட்டை கேட்கிறோமா? பிள்ளை கிட்ட மட்டும் கேட்கிறோமே! எங்க தெருவுல ஒரு பையன், போலீஸ் தேர்வுல ஒரு தடவை தவறிட்டான். "ஒரு வருஷம் வீணாப் போச்சே"ன்னு வீட்டுல திட்டின திட்டுல, பையன் ரெண்டு நாள் சாப்பிடலை.

ஒரு வருஷம்! அமெரிக்காவுலேருந்து முதன்முதலா விண்வெளிக்குப் போன ஆலன் ஷெப்பர்டைப் பாருங்க. 1961 மே 5-ல் கூண்டுக்குள்ள நாலு மணி நேரம் காத்திருந்து, பறந்தது என்னவோ பதினஞ்சு நிமிஷம். அப்புறம் காதில் நோய், தலைசுற்றல். பறக்கக் கூடாதுன்னுட்டாங்க. கூட இருந்தவங்களை மேலே அனுப்பிட்டு, வருஷக்கணக்கா மேசை வேலை பார்த்தார். ஆபரேஷன் செஞ்சு குணமாகி, 1971-ல் நிலாவில் நடந்தார். அப்ப அவருக்கு வயசு நாற்பத்தேழு! (கைதட்டல்) அந்தப் பையனோட அப்பா இங்க எங்கேயாவது உட்கார்ந்திருந்தா, இதை வீட்டுல போய்ச் சொல்லுங்க.

சர்மா திரும்பி வந்து, மறுபடியும் விமானங்களைச் சோதித்துப் பார்க்கிற வேலைக்கே போனார். ஓய்வுக்குப் பிறகு நம்ம குன்னூரில்தான் குடியேறினார். அடுத்த இந்தியர் சுபான்ஷு சுக்லா விண்வெளிக்குப் போனது 2025 ஜூன் 25-ல். நடுவுல 41 வருஷம்! சுக்லாவுக்கும் ஒரு மாற்று ஆள் பயிற்சி எடுத்துக்கிட்டுக் கீழே நின்னார், பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர்னு...

நடுவர் மணி அடிக்கிறார். ஐயா, பொறுமையைப் பத்திப் பேசுறவனுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் பொறுக்கக் கூடாதா? (சிரிப்பு) சரி, உட்கார்ந்துடுறேன்.