வாக்கும் கையொப்பமும்

(பெற்றோர் ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பதினெட்டு அகவை நிரம்பிய அன்று ஒருவர்க்கு இரண்டு உரிமைகள் ஒருங்கே வந்து சேர்கின்றன. ஒன்று வாக்களிக்கும் உரிமை. 1989 முதல் அதற்குரிய அகவை பதினெட்டே. மற்றொன்று, தம் பெயரில் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் உரிமை. வாக்குத் தவறினால் ஊர் துன்புறும். கையொப்பம் தவறினால் குடும்பம் கடனில் மூழ்கும். இவ்விரண்டுக்கும் நம் பிள்ளைகளைப் பள்ளி அணியப்படுத்துகின்றதா? இதுவே என் வினா.

பாடம் இல்லாமல் இல்லை. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் குடிமையியலும் உண்டு, பொருளியலும் உண்டு. கூட்டு வட்டியைக் கணக்கு நூல் கற்பிக்கிறது. ஆனால் அவையெல்லாம் நெட்டுருவாகித் தேர்வுத்தாளில் இறங்கி அங்கேயே அடங்கிவிடுகின்றன. வட்டிக்கு வாய்பாடு சொல்லும் பிள்ளை, தந்தையார் கொண்டுவந்த கடன் தாளைப் படித்துச் சொல்ல இயலாமல் நிற்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவர் 12,000 உருவா கடன் பெறுகிறார். வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு என்கிறார்கள். அவ்வட்டி 1,440 உருவாவை முதலோடு கூட்டி, பன்னிரண்டு தவணையாகத் திங்கள்தோறும் 1,120 உருவா கட்டச் சொல்கிறார்கள். நேர்மையான கணக்குப் போலத் தோன்றும். ஆனால் முதலில் 1,000 உருவா திங்கள்தோறும் திரும்பிவிடுகிறதே! கடைசித் திங்களில் நிற்கும் கடன் 1,000 உருவாதான். வட்டியோ இறுதிவரை 12,000 உருவாவுக்கும் வாங்கப்படுகிறது. குறைந்துவரும் முதலுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி ஆண்டுக்கு 21 விழுக்காட்டைத் தாண்டும். தெருவில் ‘மூன்று வட்டி’ என்பதோ நூற்றுக்குத் திங்கள்தோறும் மூன்று. ஆண்டுக்கு 36 விழுக்காடு. வட்டிக்கு வட்டி ஏறினால் இரண்டே ஆண்டில் கடன் இரட்டித்துவிடும்.

2024 அக்தோபர் முதல் நாளிலிருந்து வழங்கும் தனியாள் கடன்களுக்கு, உண்மையான ஆண்டு வட்டியையும் பிற கட்டணங்களையும் காட்டும் விளக்கத்தாளை, கடன் பெறுவோர்க்குப் புரியும் மொழியிலேயே வங்கிகளும் கடன் நிறுவனங்களும் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. தமிழில் தாருங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. உரிமை இருப்பதை அறியாதவன் எப்படிக் கேட்பான்?

குடிமையியலும் இத்தகையதே. கிராம சபை எனப்படும் ஊரவை, சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2 முதலிய நாள்களில் கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவுத் திட்டமும் தணிக்கை அறிக்கையும் அங்கே ஒப்புதலுக்கு வைக்கப்பட வேண்டும். அதைப் படித்து வினவுவோர் எத்தனை பேர்? முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றோர் என விலக்கியது. அந்த அவை எல்லார்க்கும் உரிய அவையன்று. அந்தணர் ஊரின் அவை. எனினும், கணக்குக் காட்டாதவன் பொறுப்புக்கு ஆகான் என்னும் நெறி பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் பொறிக்கப்பட்டது.

ஆசிரியர்களே! மாணவர்க்கு மூன்று பயிற்சிகள் தாருங்கள். பெயர் நீக்கிய கடன் தாள் ஒன்றைக் கொடுத்து உண்மை வட்டியைக் காணச் செய்யுங்கள். யார் வீட்டுக் கடனையும் வகுப்பில் கேட்க வேண்டா. வறுமை பிள்ளையின் குற்றமன்று. ஒரு திங்களின் குடும்ப வரவு செலவை எடுத்துக்காட்டாக அமைத்துக் கணக்கெழுதச் செய்யுங்கள். ஊரவை கூடும் நாளில் அழைத்துச் சென்று கேட்கச் செய்து, கேட்டதை எழுதச் செய்யுங்கள்.

பெற்றோர்களே! கையொப்பமிடுமுன் தாளைப் பிள்ளையிடம் கொடுத்து, “படித்துச் சொல்” என்று கேளுங்கள். புரியாத இடத்தில் கையொப்பமிடாமல் எழுந்து வருவது இழிவன்று, அறிவுடைமை.

கணக்குக் கேட்கத் தெரிந்த குடிமகனை எந்தக் கடன்காரனும் ஏய்க்க முடியாது. எந்த ஆட்சியும் ஏய்க்க முடியாது. அத்தகையோரை வகுப்பறையிலேயே உருவாக்குவோம்!